குழம்புக்குக் கொம்பு முளைத்த நாள்

லா சப்பலில் உன்னைப் பற்றி ஒரு பொய்யை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

பாரிசில் எங்கள் ஆட்கள் கடை போட்டிருக்கிற அந்தப் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், நாங்கள் அரிசி வாங்குகிற கடையின் கண்ணாடியில், உள்பக்கமாக ஒட்டியிருக்கிறது. கையால் எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்த அஞ்சலித்தாள். "ஓய்வு என்பதையே அறியாத உழைப்பாளி" என்று உன் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். நீ செத்து மூன்று மாதமாகிறது. ஒட்டிய பிளாஸ்ரர் மஞ்சளாகிவிட்டது. எடுத்துப்போட யாருக்கும் மனம் வரவில்லையாம். இன்று வேலைக்குப் போகிற வழியில் மழைக்கு ஒதுங்கியபோது, தாளுக்கும் என் முகத்துக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

எழுத்தை விடுவோம். அதிலிருக்கிற படம்தான் பெரிய பொய். உன்னைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். இடது காதுக்குப் பின்னால் ஒரு இலையின் நுனி தெரிகிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று இந்தத் தெருவில் போகிற ஒருவனும் யோசித்திருக்க மாட்டான். அந்தப் படத்தை எடுத்தவன் நான். வெட்டி எறிந்த பாதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சட்டையில்லாத உன் நெஞ்சு. நனைந்த காற்சட்டை. வலது கையில் எலுமிச்சந்துண்டு மிதக்கிற றம் கிளாஸ். இடது கையில் ஆட்டெலும்பு. உனக்குப் பின்னால் முழுக்கக் கரிபியன் கடல்.

நீ சிரித்தபடி நிற்கிற வேறு படம் பாரிசில் ஒருவரிடமும் இல்லை. அதனால் ஓய்வறியாதவன் என்று எழுதுவதற்கு, நீ ஓய்வெடுத்த ஒரே நாளின் படத்தைத்தான் அவர்கள் எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு இதில் வெட்கமில்லை. எனக்கு இருக்கிறது. அதனால் வெட்டிய பாதியை இங்கே எழுதுகிறேன்.

கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரசெரியின், பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையின், அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். நீ பெரிய சட்டிகள் கழுவுகிற தொட்டியடியில், நான் மரக்கறி வெட்டுகிற மேசையில். வில்லியே லே பெல்லில் ஒரே அறை, இரண்டு மெத்தை. ஆகஸ்ட் வந்தால், பத்ரோன் என்று நாங்கள் கூப்பிடுகிற முதலாளி கதவைப் பூட்டிவிட்டுத் தன் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுவான். எங்களுக்கும் சம்பளத்தோடு லீவு. சட்டம் அது. பிரெஞ்சுக்காரத் தொழிலாளி சண்டை பிடித்து வாங்கிய சட்டம். அந்த லீவைத்தான் லா சப்பலில் "கொஞ்சே" என்பார்கள். கொஞ்சே வருகிறதென்றால் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை, அந்த மாதத்துக்கு வேறொரு அடுப்படி தேடுவது.

"கொஞ்சேயிலை ஆரைக் கொஞ்சப் போறாய்?" என்று நான் ஒவ்வொரு வருடமும் உன்னைக் கேட்பேன்.

"வேறை ஆரை? இன்னொருத்தன்ரை சட்டியைத்தான்" என்பாய்.

செப்டம்பரில் கடை திறக்கும்போது பத்ரோன் கறுத்துப்போய் வருவான். கறுத்ததைக் கையை நீட்டிக் காட்டுவான். நீ உன் கையை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்து, "முசியே, நான் உங்களைவிடக் கனகாலம் கொஞ்சேயிலை நிண்டிருக்கிறன்" என்று உனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாய். அடுப்படியே சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எங்களோடு மொனிக் இருந்தாள். சலாது மேசையில் வேலை. கரிபியனில் பிரான்ஸ் வைத்திருக்கிற குவாதலூப் தீவில் பிறந்தவள், எங்களைவிட நிறமானவள். பத்ரோன் அவளை அவள் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவான்: மடாம் ரமசமி. முதல் தடவை அதைக் கேட்ட அன்று நீ தொட்டிக்குள் இருந்து தலையை நிமிர்த்தினாய்.

"மச்சான், ராமசாமியடா."

"உன்ரை மச்சாளாக்கும். போய்க் கதை."

போய்க் கதைத்தாய். அவளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. அவளுடைய பாட்டனாரின் அப்பாவைக் காரைக்காலில் கப்பலேற்றிக் கரும்பு வெட்டக் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் தெரியும். ஆனால் அன்றையிலிருந்து அவள் உன்னைச் சொந்தக்காரனாகவே வைத்துக்கொண்டாள். அந்த வருடம் ஆகஸ்டுக்கு முன், தான் ஊருக்குப் போவதாகவும், அம்மா தனியாக இருப்பதாகவும், நாங்கள் இரண்டு பேரும் வந்து நிற்கலாம் என்றும் சொன்னாள். அவளுடைய உறவுக்காரன் ஒருவன் விமானச் சீட்டு விற்கிறவன். மலிவாக எடுத்துத் தருவான்.

நீ ஏசினாய், அவளையல்ல, என்னை. "விசரோ உனக்கு? அகதிக் கார்ட்டை வைச்சுக்கொண்டு கரிபியனுக்குப் போறதோ?"

அது பிரான்ஸ்தான், விசா வேண்டாம், கார்ட் காணும் என்று மொனிக் சொன்னாள். நீ கார்ட்டை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாய்.

"எட்டு மணித்தியாலம் பறந்தும் பிரான்ஸ் முடியாதோ? இவங்கள் எவ்வளவத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டு பார்."

வரச் சம்மதித்தாய். ஒரு நிபந்தனையோடு: லா சப்பலில் ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது.

குவாதலூப்பின் சென் பிரான்சுவா ஊரில் மொனிக்கின் அம்மாவுடைய வீடு தகரக்கூரை போட்ட சின்ன வீடு. முதல் நாட்கள் உன்னோடு இருந்தது ஒரு தண்டனை. விடிய முன் எழும்பினாய். முற்றம் கூட்டினாய். மொனிக்கின் அம்மா சமைத்த சட்டிகளை அவள் சாப்பிட்டு முடிக்க முன்னமே கழுவினாய். அந்த மனுசி உன் கையிலிருந்த தேய்ப்பானைப் பறித்து ஓடைக்குள் எறிந்தாள். உனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. கதிரையில் இருந்தால் அதன் நுனியில்தான் இருப்பாய், யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பது போல.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை.

அங்கே ஞாயிறென்றால் சனங்கள் குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு கடற்கரைக்குப் போவார்கள். நாங்களும் போனோம். மொனிக்கின் அம்மா மூடிய பெரிய சட்டி ஒன்றையும் விறகுக்கட்டையும் தானே தூக்கிவந்தாள். உன்னைத் தொடவிடவில்லை. ஒரு வாதாம் மரத்துக்குக் கீழே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். பக்கத்திலே ஈரப்பலா மரம் ஒன்று, ஊரிலே நிற்பது போலவே காய்த்துத் தொங்கியது. அதிலே ஒரு காயைப் பிடுங்கி நெருப்புக்குள் போட்டாள். நீ சப்பாத்தும் காலுறையும் போட்டபடி மணலில் இருந்தாய்.

மொனிக் சின்னக் கிளாஸ்களை வைத்தாள். எலுமிச்சந்துண்டு ஒன்றைப் பிழிந்து கிளாசுக்குள்ளேயே போட்டு, கரும்புச் சீனி ஒரு கரண்டி போட்டு, மேலே வெள்ளை றம் ஊற்றினாள். தி-பொன்ச் என்றாள். அதோடு தொட்டுக்கொள்ளக் கருவாடு அரைத்துப் போட்ட, வடை மாதிரி ஒரு பொரியல். நீ முதல் கிளாசை மருந்து குடிப்பது போலக் குடித்தாய். இரண்டாவதுக்குச் சப்பாத்தைக் கழற்றினாய். மூன்றாவதை நீயே கலந்தாய்.

"சீனி கூடிப்போச்சு மொனிக், உன்ரை ஆக்கள் கரும்பு வெட்டின கோவத்திலை அள்ளிப் போடுறியள்."

நான் மொழிபெயர்த்தேன். மொனிக்கின் அம்மா உன் முதுகில் ஒன்று போட்டாள்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய ஹோட்டல். அதன் நாற்காலிகள் வரிசையாக மணலில் கிடந்தன. எங்கள் பிரசெரிக்கு வருகிற அதே ஆட்கள், அல்லது அவர்களுடைய சொந்தக்காரர், எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட கறுப்புப் பையன்கள் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு றம் இறங்கவில்லை. அப்போது வெள்ளைக்காரி ஒருத்தி துவாயைச் சுற்றிக்கொண்டு எங்கள் அடுப்படிக்கு வந்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மணத்தைப் புகழ்ந்தாள். பிறகு ஒரு தட்டு எவ்வளவு என்று உன்னைக் கேட்டாள்.

என் வாயில் வந்ததை நான் சொல்லியிருந்தால் அந்த நாள் அதோடு முடிந்திருக்கும். நீ முந்திவிட்டாய். கிளாசை உயர்த்திப் பிடித்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், பிரெஞ்சில் சொன்னாய்: "மன்னியுங்கோ மடாம். நாங்களும் இண்டைக்குக் கொஞ்சே."

அவள் சிவந்துபோய்த் திரும்பிப் போனாள். நீ காலை நீட்டி மரத்தில் சாய்ந்தாய். மூன்று வருடமாக உன்னோடு ஒரே அறையில் இருந்தவன் சொல்கிறேன், நீ முழு முதுகையும் ஒன்றிலே சாய்த்து இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொனிக்கின் அம்மா சட்டியைத் திறந்து, "இன்றைக்குக் கொலொம்போ" என்றாள்.

உன் தம்பி கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் நின்றவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடையையும் கொளுத்தி அவனையும் கொளுத்தினார்கள். சாம்பல் கூடக் கிடைக்கவில்லை. இதைப் பாரிசில் என்னைத் தவிர ஒருவருக்கும் நீ சொன்னதில்லை. அந்த ஊரின் பெயரையே நீ சொல்வதில்லை. "அங்கை" என்பாய். யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிவாய்.

இப்போது ஒரு மனுசி அதைத் தட்டில் போட்டுத் தருகிறாள். நீ எழும்பித் தண்ணீர்ப் பக்கம் போனாய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். மொனிக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சுருக்கமாகச் சொன்னேன். அவள் தாய்க்குச் சொன்னாள். அந்த மனுசி ஆறுதல் சொல்ல வரவில்லை. சோறும் ஆட்டிறைச்சியும் சுட்ட ஈரப்பலாவும் போட்ட தட்டை எடுத்துக்கொண்டு, பாவாடை நனைய நடந்துவந்து, உன் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

நீ மணந்தாய். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாய். பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாய்.

"மச்சான், இது குழம்பெல்லோ!"

"என்ன?"

"குழம்படா. கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள். மிளகாயை மட்டும் கப்பலிலை தவற விட்டிட்டுதுகள். இந்தச் சனம் குழம்பைத்தான் கொழும்பு எண்டு சொல்லுதுகள்."

தட்டை மொனிக்கின் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மணலில் குந்தினாய். விரலால் 'குழம்பு' என்று பெரிதாக எழுதினாய். பிறகு முதல் எழுத்தை அழித்து, கவுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு அரவும் போட்டு, ழவுக்கு ஒரு சுழியும் போட்டாய். 'கொழும்பு'.

"பாத்தியோ? குழம்புக்குக் கொம்பு முளைச்சாக் கொழும்பு. இவ்வளவுதான் விசயம்."

"ஆட்டுக்கும் கொம்பிருக்குத்தானே" என்றேன்.

"அதுதான் வெட்டிப்போட்டுத் தின்னிறம்."

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. தட்டு தட்டாகச் சாப்பிட்டாய். "அம்மா, இன்னும் கொஞ்சம் கொழும்பு போடுங்கோ." "கொழும்பு நல்லா வெந்திருக்கு." "டேய், கொழும்பைச் சிந்தாதை." மூன்று வருடமாகச் சொல்லாத பெயரை வாய் நிறையச் சோற்றோடு சொன்னாய். நடுவில் அழுதாய். அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தவில்லை. அழுதபடியே, உன் தம்பி ஆட்டெலும்பை விடமாட்டான், உறிஞ்சி உறிஞ்சி அயல்வீட்டு நாயைக் கூட ஏமாற்றிவிடுவான் என்றாய். அவனைப் பற்றி, அவன் செத்த விதத்தைத் தவிர வேறொன்றை நீ சொன்னது அன்றுதான். அவன் இருந்ததைச் சொன்னாய்.

மொனிக் வாதாம் இலை ஒன்றைப் பிடுங்கி உன் காதில் செருகினாள். நான் அவளுடைய கமெராவை எடுத்தேன். "தம்பியின்ரை பங்கு" என்று எலும்பைத் தூக்கிக் காட்டினாய். அந்த நொடிதான் அந்தப் படம்.

சாப்பிட்டு முடிந்து, மொனிக்கின் அம்மா கால் நீட்டி இருந்துகொண்டு தன் ஆட்களைப் பற்றிச் சொன்னாள். கப்பலேறும்போது ஐந்து வருடத்தில் திரும்பலாம் என்றுதான் சொன்னார்களாம். திரும்பியவர்கள் கொஞ்சப் பேர்தானாம். உங்களுக்கு எத்தனை வருடம் என்று கேட்டாள்.

"எங்களுக்கு வருசம் சொல்லி விடேல்லை அம்மா" என்றாய்.

பிறகு அந்த மரத்துக்குக் கீழேயே வாயைப் பிளந்துகொண்டு நித்திரையானாய். உன் முகத்தில் இலையான் மொய்த்தது. நான் கலைக்கவில்லை. கலைத்தால் எழும்பி ஏதாவது கழுவப் போய்விடுவாய்.

இதுதான் வெட்டிய பாதி. ஒருவனையும் ஏமாற்றாமல், ஒருவனுடைய சோற்றையும் பறிக்காமல், சட்டம் தந்த லீவில் நீ சாப்பிட்ட ஒரு மத்தியானம்.

போகும்போது ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்றவன், திரும்பி வந்ததும் படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு நேரே லா சப்பலுக்கு, அந்த அரிசிக் கடைக்குத்தான் போனாய். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உன்னைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. சொல்ல ஒரு பகிடி கிடைத்துவிட்டது உனக்கு. அது எங்கள் மொழி தெரிந்தவனுக்கு மட்டும் விளங்குகிற பகிடி. அதை வேறெங்கே கொண்டுபோவாய்?

கடை முதலாளி, எங்கள் எல்லாருக்கும் கடை அண்ணை, கல்லாவில் இருந்தார். நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நீ படத்தை அவர் முன்னால் வைத்துச் சொன்னாய்: "அண்ணை, கொழும்பைத் திண்டுபோட்டு வாறன்."

உன் பகிடியின் இரண்டாவது பாதிக்கு அவர்கள் இடம் விடவில்லை.

கடை அண்ணைக்கு வெள்ளவத்தையில் ஒரு கடை இருந்தது. அதே ஆடியில் அவர் கண்ணுக்கு முன்னால் எரிந்தது. அவர் படத்தைத் தூக்கிப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"சனம் எரிஞ்ச மணம் இன்னும் என்ரை மூக்கை விட்டுப் போகேல்லை. நீ கொழும்பைத் தின்னிறியோ?"

"இல்லையண்ணை, அது வந்து, அங்கை குழம்பை..."

"கையிலை சாராயம் வேறை" என்றான் பருப்புப் பையோடு நின்றவன்.

"அங்கை பிள்ளையள் சாகுதுகள். அகதிக்குக் கடற்கரையிலை கொஞ்சே கேக்குது" என்றான் இன்னொருவன்.

நான் வாயைத் திறந்தேன். "அண்ணை, உவன்ரை தம்பி..." நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். சட்டி கழுவிக் கழுவி இரும்பான கை. "விடு மச்சான்" என்றாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவரிடம் சொன்னாய்:

"பிழைதான் அண்ணை."

அவர் படத்தைக் கல்லாவின் லாச்சிக்குள் போட்டார். "உது இஞ்சை கிடக்கட்டும். வேறை ஆக்கள் பாத்தா வடிவில்லை" என்றார். நீ சரியென்று தலையாட்டினாய். அந்த லாச்சிக்குள் கிடந்ததைத்தான் இப்போது கழுத்தோடு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

வெளியே வந்து உன்னை உலுக்கினேன். ஏன் தடுத்தாய், ஏன் சொல்லவிடவில்லை என்று கேட்டேன்.

"என்ரை தம்பியைக் காட்டித் தப்பச் சொல்லுறியோ?" என்றாய்.

நீ சொன்னது நியாயம். ஆனால் அந்த நியாயம் ஒரு நாளோடு நிற்கவில்லை. அவர்கள் உனக்குப் பெயர் வைத்தார்கள். கொஞ்சே. "என்ன கொஞ்சே, இந்த முறை எந்தத் தீவு?" "கொஞ்சேக்கு மீன் வேண்டாம், கடலிலை பிடிப்பார்." எல்லாம் பகிடிதான். லா சப்பலில் ஒருவனை அடிக்கத் தடி தேவையில்லை. பாண் வாங்கப் போகிற இடத்தில் நாலு பேர் சிரித்தால் போதும். அடுத்த ஆகஸ்டில் பத்ரோன் கதவைப் பூட்டிய மறுநாளே நீ வேறொரு அடுப்படியில் நின்றாய். ஞாயிறுகளிலும் வேலை எடுத்தாய். மொனிக் மறுபடி கூப்பிட்டபோது அவளுக்கு முகம் கொடுக்காமல் சட்டிக்குள் குனிந்தாய். 'அங்கை' என்கிற சொல் உன் வாய்க்குத் திரும்பி வந்தது. தம்பியைப் பற்றிய கதை நின்றுபோனது. எலும்பை உறிஞ்சிய பையன் மறுபடி எரிந்தவனாக மட்டுமே ஆனான்.

இந்த மாசியில் உனக்கு வயிற்றுக்குத்து வந்தது. வலது பக்கம், அடிவயிறு. தொட்டியின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு கழுவினாய். டொக்டரிடம் போ என்றேன்.

"நாளைக்குப் பாப்பம்."

"லீவு போடு. சம்பளம் வெட்டமாட்டான். சட்டமடா."

"லீவெண்டு வாய் திறந்தாக் காணும், கொஞ்சே தொடங்கிட்டான் எண்டுவாங்கள்."

பத்ரோனே உன் முகத்தைப் பார்த்து வீட்டுக்குப் போ என்றான். லாபத்துக்காகவே உயிர் வாழ்கிற அந்த மனுசன் போ என்றான். நீ "சா வா, சா வா", பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றாய். அடுத்த நாளும் நின்றாய். அதற்கடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் உச்சத்தில், சட்டியோடு விழுந்தாய். குடல்வால் வெடித்து இரண்டு நாளாகிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சின்ன ஒப்பரேசன், நேரத்தோடு வந்திருந்தால் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போயிருப்பான் என்று சொல்லி அந்த இளம் டொக்டர் என்னைக் குற்றவாளி போலப் பார்த்தாள். அவளுக்கு லா சப்பலைப் பற்றி நான் என்ன சொல்ல?

உன் செத்தவீட்டில் கடை அண்ணைதான் பேசினார். "ஒரு நாள் லீவெடுத்து அறியாதவன். தனக்கெண்டு ஒரு சுகத்தைத் தேடாதவன். எங்கடை பிள்ளையளுக்கு உவன்தான் உதாரணம்." தலைகள் ஆடின. உன்னைக் கொஞ்சே என்று முதலில் கூப்பிட்டவன் விக்கி விக்கி அழுதான். மொனிக் கடைசி வரிசையில் நின்றாள். என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

கடை அண்ணை கெட்டவர் இல்லை. புதிதாக வந்து இறங்குகிறவனுக்கு முதல் கிழமை அரிசியை அவர்தான் கொடுக்கிறார். உன் பெட்டிக்குப் பின்னால் மழையில் குடையில்லாமல் நடந்தார். கெட்டவராக இருந்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எல்லாம் முடிந்து வெளியே சிகரெட்டோடு நின்றவரிடம் போய்ச் சொன்னேன். உன் தம்பி, புறக்கோட்டை, புடவைக்கடை, ஆடி.

அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "எனக்குத் தெரியாது தம்பி. அண்டைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் அப்பிடிக் கதைக்கிறன்?"

"ஒருத்தன் சிரிக்கிறதுக்கு உங்களிட்டைப் பிணத்தைக் காட்ட வேணுமோ அண்ணை?"

அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "நான் சிரிச்சன் எண்டா, அங்கை செத்ததுகளை நானும் விட்டிட்டன் எண்டு படும். எனக்கு அப்பிடித்தான் படுது. நான் என்ன செய்ய?"

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியதால் என் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. அவர் சிரிக்காமல் இருப்பது அவருடைய பாடு. உன்னுடைய சிரிப்பை லாச்சிக்குள் போட்டுப் பூட்ட அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எங்களைக் கொளுத்தியவன் ஒரு தரம்தான் கொளுத்தினான். நீ கொஞ்சம் தப்பி வந்து ஒரு பிடி சோறு ருசித்துத் தின்னும்போது, மிச்சத்தையும் கொளுத்துவதற்கு எங்கள் ஆட்களே நெருப்புப்பெட்டியோடு நின்றார்கள். அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

போன கிழமை மொனிக் தாயோடு தொலைபேசியில் கதைத்தாள். நீ செத்ததைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு நாள் தைரியம் வரவில்லையாம். எந்தப் பையன் என்று தாய் கேட்டாளாம். என் சட்டிகளைக் கழுவினவனா என்று கேட்கவில்லையாம். மணலில் எழுதினவனா என்று கேட்டாளாம். உலகத்தில் ஒரு மனுசியாவது உன்னை அப்படி வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் வருகிறது. லீவு எடுக்கிறேன், வேறு அடுப்படி தேடவில்லை என்று கடையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருவன் என்னைக் கொஞ்சே என்றான். ஓம், அதுதான் நான் என்றேன். அவன் தன் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவு சின்ன விசயம் அது. ஒரு "ஓம்" காணும். நீ ஏன் அதைச் சொல்லவில்லை?

இதைத்தான் நான் எல்லா இடமும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். உன் சாவைக்கூட ஒரு மாதிரிச் சமாளித்துவிட்டேன். கல்லாவுக்கு முன்னால் நீ குனிந்த தலையை என்னால் சமாளிக்க முடியவில்லை. மரக்கறி வெட்டும்போது அது வருகிறது. ரயிலில் வருகிறது. அவர்கள் உன்னிடம் கேட்டது ஒரு கேள்வி. நீ ஒரு தீர்ப்பைக் கொடுத்தாய், உனக்கெதிராக, ஒரே சொல்லில். அந்தச் சொல்லை அவர்கள் உன்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டுதான் அடுத்தவனையும் குனிய வைக்கிறார்கள். போன மாதம் ஒருவன் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியதற்காக அந்தக் கடையில் நின்று மன்னிப்புக் கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

உனக்காக நான் அதை மாற்ற முடியாது. நான் என்ன சொன்னாலும் அது என்னுடைய சொல். 'பிழைதான்' என்று சொன்னது நீ. அதைத் திருப்பி எடு. இறைச்சி ருசியாக இருந்தது, றம் நல்லாக இருந்தது, தம்பியை நினைத்துச் சிரித்தேன், அதில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லு. கடை அண்ணைக்குச் சொல்லவேண்டாம். அந்தச் சனத்துக்கும் சொல்லவேண்டாம். எனக்குச் சொல்லு.

சொல்லடா மச்சான்.